கல் ஏற்றாத டிராலி

ஆளும் இல்லாமல் கல்லும் இல்லாமல் வருகிற டிராலி இவ்வளவு மெதுவாக வரக் கூடாது.

லவினா கயிறு திரிக்கும் சக்கரத்தின் கைப்பிடியைச் சுற்றுவதை நிறுத்தவில்லை. தலையை மட்டும் சாய்த்து, சக்கரத்துக்கு மேலாகக் கொட்டகையின் நீளத்தைப் பார்த்தாள். சாயங்காலம் ஐந்தரைதான் ஆகியிருந்தது. ஆனால் மத்தியானத்திலிருந்து விடாமல் பெய்த ஐப்பசி மழை மாரிகுப்பத்தின் வெளிச்சத்தை முன்கூட்டியே எடுத்துக்கொண்டுவிட்டது. தகரக் கூரையில் அது விழுகிற சத்தம் கொட்டகையின் இந்த முனையில் தொடங்கி, நூறு கஜம் நடந்துபோய், மறுகோடியில் எங்கோ தேய்ந்து அடங்கியது. அவள் தலைக்கு மேலே ஒரே ஒரு டியூப்லைட். அதன் வெளிச்சம் பத்து கஜம் வரை போகும். அதற்கு அப்பால் இரண்டு தண்டவாளங்களும் சற்றே சரிந்து இருட்டுக்குள் இறங்கின. அந்த இருட்டுக்குள்ளிருந்து டிராலியின் சக்கரம் கிறீச்சிட்டது. நின்றது. மறுபடி கிறீச்சிட்டது. பாரம் ஏற்றிய வண்டியின் சத்தம்.

அவள் பாரம் எதுவும் ஏற்றவில்லை.

கயிறு திரிக்கிற வீட்டுக்கு அவள் வாழ்க்கைப்பட்டு வந்து இருபத்தேழு வருஷம் ஆகிறது. அந்தச் சத்தத்தில் அவள் ஏமாற வழியில்லை. அவள் கணவர் கொர்னேலியஸ் காலையிலேயே கற்றாழை நாரில் மூன்று புரிகளை முறுக்கி, ஒரு முனையைச் சக்கரத்தின் மூன்று கொக்கிகளிலும், மறுமுனையை முப்பது கஜம் தள்ளி நின்ற டிராலியின் ஒற்றைக் கொக்கியிலும் மாட்டிவிட்டுப் போயிருந்தார். கைப்பிடியைச் சுற்றினால் மூன்று புரியும் ஒன்றையொன்று தழுவிக் கயிறாகும். கயிறாகும்போது நீளம் குறையும், குறையக் குறைய டிராலியைத் தன்னை நோக்கி இழுக்கும். முப்பது கஜம் புரி இருபது கஜம் கயிறானதும் டிராலி, தண்டவாளத்தில் வெள்ளைப் பெயின்ட் அடித்த கோட்டில் வந்து நின்றுவிடும். அதற்கு மேல் ஒரு விரற்கடை கூட வராது. டிராலியில் போதுமான கல் மட்டும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அது துள்ளி ஓடிவரும். கயிறு தொய்ந்து, முடிச்சு முடிச்சாகச் சுருண்டு பாழாகிவிடும்.

பாழாகட்டும் என்றுதான் அவள் கல் ஏற்றவில்லை.

நாளைக் காலை பத்து மணிக்கு அடக்கம். இந்தக் கயிற்றில்தான் அவள் மகன் ஆஷ்லியின் பெட்டியைக் குழிக்குள் இறக்கப்போகிறார்கள். பெட்டிக்குள் ஆஷ்லி இருக்கமாட்டான். நீலச் சட்டை ஒன்றும், ஒரு ஜோடி ஷூவும், பெங்களூருக்குப் போய்வந்த ரயில் சீசன் டிக்கெட்டும் இருக்கும். கயிறு கெட்டுப்போனால் இன்னொன்று திரிக்க நார் ஊற வேண்டும், இரண்டு நாள் ஆகும். இரண்டு நாள். அவளுக்கு அவ்வளவுதான் வேண்டியிருந்தது.

கொர்னேலியஸின் தாத்தாவுடைய அப்பா குடியாத்தம் பக்கத்திலிருந்து வந்து இந்தக் கொட்டகையைப் போட்டார். தங்கச் சுரங்கம் நடந்த காலம் முழுக்க, வாளி இறக்கவும் மரம் கட்டவும் தேவைப்பட்ட கயிறெல்லாம் இந்தத் தண்டவாளத்தின் மேல்தான் பிறந்தது. டிராலியே சுரங்கத்திலிருந்து கழித்துப் போட்டதுதான். சுரங்கம் மூடிய பிறகு கிணற்றுக் கயிறு, தேர் வடம், கல்லறைத் தோட்டங்களுக்குப் பெட்டிக் கயிறு. ஊரில் யார் செத்தாலும் அலமாரியிலிருக்கிற கயிற்றை எடுத்துக் கொடுப்பார்கள். வீட்டுச் சாவுக்கு மட்டும் அப்படியில்லை. வீட்டில் ஒருவர் செத்தால், அவருக்கான கயிற்றை வீட்டாரே புதிதாகத் திரிக்க வேண்டும்; திரிக்கும்போது டிராலியில் செத்தவரின் எடைக்குச் சரியாகக் கல் ஏற்ற வேண்டும். கயிறு முதலில் அந்த ஆளைச் சுமந்து பழகட்டும் என்பார் மாமனார். அவர் போனபோது ஏழு கல் ஏற்றினார்கள். மாமியாருக்கு நான்கு. கடைசியில் அவள் அவ்வளவுதான் இருந்தாள்.

ஆஷ்லி அறுபத்திரண்டு கிலோ. ஆறு பெரிய கல்லும் ஒரு சின்னக் கல்லும். மத்தியானம் லவினா முதல் கல்லைத் தூக்கி இடுப்போடு அணைத்துக்கொண்டு டிராலி வரை போனாள். மரப்பலகையின் மேல் அதை வைக்கக் குனிந்தபோது, அவன் தலை இவ்வளவு கனம் இருக்குமா என்று மனதில் ஓடியது. கல்லைத் திரும்பக் கொண்டுவந்து குவியலிலேயே வைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகுதான் நாத்தனார் இசபெல்லா டீ கொண்டுவந்தாள். முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொண்டு சேற்றில் வழுக்காமல் நடந்து வந்தவள், டீயைக் கொடுத்துவிட்டுக் குவியலைப் பார்த்தாள், டிராலியைப் பார்த்தாள்.

"இன்னா அண்ணி, கல்லு ஏத்தலியா?"

"ஏத்தறேன்."

"அண்ணன் அங்க ஆசாரிகிட்ட சண்ட போட்டுக்கினு இருக்காரு. பொட்டி அஞ்சடி ஆறு இருக்குதாம். இவரு, எம்புள்ள அஞ்சடி ஒம்பது, காலு மடங்கும்ன்றாரு. ஆசாரி எங்கள மொறைக்கிறான். உள்ள சட்டதான வெக்கப்போறீங்க, சட்டைக்கி இன்னா காலுன்றான்."

இசபெல்லா சிரிக்கத் தொடங்கி, அது அழுகையாக மாறியதும் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நான் அந்தாண்ட நிக்கட்டுமா அண்ணி? ஒத்த ஆளா சுத்துவியா? அந்தக் கட்ட வேற ஒடஞ்சி கெடக்குது."

சக்கரத்தைப் பின்னால் ஓடாமல் பிடித்துக்கொள்ளும் இரும்புக் கட்டையைச் சொன்னாள். அது உடைந்து மூன்று வருஷம் ஆகிறது. முறுக்கேறிய பிறகு கைப்பிடியை ஒரு நொடி விட்டாலும் சக்கரம் பின்னால் சுழன்று, திரித்ததெல்லாம் அவிழ்ந்துவிடும். டிராலி சரிவில் ஓடிவிடும்.

"நீ போ. பேரப் புள்ளைக்கி ஜொரம்னியே."

அவள் போய்விட்டாள்.

இப்போது கயிறு லவினாவின் கண்ணெதிரே வளர்ந்துகொண்டிருந்தது. ஒரு முடிச்சு இல்லை. ஒரு தொய்வு இல்லை. புரிகள் மூன்றும் தலை பின்னுவதுபோல ஒன்றன்மேல் ஒன்றாக அமர்ந்து, டியூப்லைட்டின் கீழே மஞ்சளாக மின்னின. இந்தக் கொட்டகையில் அவள் இதைவிட நல்ல கயிற்றைப் பார்த்ததில்லை. அறுபத்திரண்டு கிலோவுக்குத்தான் கயிறு இப்படி வரும் என்று அவள் கை சொன்னது. அதற்கு ஒரு கிலோ கூடினாலும் தோளில் தெரியும். குறைந்தாலும் தெரியும்.

மழை பலத்தது. ஈர நாரின் புளித்த வாசனைக்கு அடியில் வேறொரு வாசனை இருந்தது. துரு, ஊறிய மரம், வெடி மருந்துப் புகை. அவள் அப்பா நந்திதுர்க் சுரங்கத்தில் ஷிப்ட் முடித்து வரும்போது சட்டையில் ஏறி வருமே, அந்த வாசனை. சுரங்கம் மூடிய பிறகு அவள் அதை ஒரே ஒரு முறைதான் முகர்ந்தாள். எட்டு மாதத்துக்கு முன்னால், பாலகாட் சுரங்கத்துப் பக்கம், சுவர் எழுப்பி மூடிய ஒரு பழைய ஷாஃப்டின் இறங்குகுழி வாயில்.

வேலை போய் மூன்று மாதம் வீட்டில் இருந்தான் ஆஷ்லி. உள்ளே பழைய காப்பர் கேபிள் கிடக்கிறது என்று இரண்டு சிநேகிதர்கள் சொன்னார்கள். சுவரில் ஒரு ஓட்டை போட்டு, அவனை மட்டும் கயிற்றில் இறக்கினார்கள். கெட்ட காற்று. மேலே இருந்தவர்கள் கூப்பிட்டார்கள், பதில் இல்லை. இழுத்தார்கள், கயிறு வெறுமையாக வந்தது. ஒன்பது நாள் தேடினார்கள். கீழ் லெவலெல்லாம் தண்ணீர் என்று சொல்லி நிறுத்திக்கொண்டார்கள். உடல் கிடைக்காமலே எட்டு மாதம் போனது; இனி வெறும் பெட்டியையாவது அடக்கம் செய்வது என்று முடிவாயிற்று.

கயிறு அறுபடல, என்று கொர்னேலியஸ் போலீசிடம் சொன்னார். தீயணைப்புக்காரர்களிடம் சொன்னார். யாரும் கேட்காமலே பேப்பர்காரனிடம் சொன்னார். எங்க கயிறு சார், அறுபடல, பாத்துக்குங்க. பிறகு வீட்டுக்கு வந்து, திருட்டுப்பய, என் அலமாரியிலிருந்து திருடிக்கினு போயி செத்தான், என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். அதற்குப் பிறகு மகன் பெயரை அவர் வாயிலிருந்து அவள் கேட்கவில்லை.

அவன் திருடவில்லை. அம்மா, பிரெண்டு வீட்டு கெணத்துக்கு நாப்பது கஜம் கயிறு வேணும், அப்பாகிட்ட சொல்லாத, என்றான். அவள் இருந்ததிலேயே நல்லதாகப் பார்த்து, தோளில் சுற்றிப்போட்டு அனுப்பினாள். எட்டு மாதமாக அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை.

கிறீச். நின்றது. கிறீச்.

டிராலி இந்நேரம் வெள்ளைக் கோட்டுக்கு வந்திருக்க வேண்டும். கயிறு முறுகி முடிந்தால் கைப்பிடி இறுகும், அதற்கு மேல் சுற்ற முடியாது. கைப்பிடி இறுகவில்லை. கிணற்றில் நிறைகுடம் இழுப்பதுபோல ஒரே கனமாக, சீராகச் சுற்றிக்கொண்டேயிருந்தது. அவள் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். இருட்டில் ஒரு கறுத்த கட்டம். அது கோட்டைத் தாண்டியிருந்தது. தாண்டி மூன்று கஜமாவது இருக்கும்.

அவள் சுற்றுவதை நிறுத்தினாள். இரண்டு கையாலும் கைப்பிடியை அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

டிராலி நிற்கவில்லை.

ஒரு முழம் வந்தது. இன்னொரு முழம். பிறகு நின்றது. கயிறு தொய்ந்திருக்க வேண்டும். தொய்யவில்லை. வந்த முழங்கள் எங்கே போயின என்று கயிற்றைப் பார்த்தாள், தடிக்கவுமில்லை, சுருளவுமில்லை. அவ்வளவு நீளம் எங்கேயும் இல்லாமல் போயிருந்தது.

பிறகு கைப்பிடியில் ஒரு நடுக்கம் வந்தது. மறுமுனையில் ஒருவர் கயிற்றின் மேல் உள்ளங்கையை வைத்து முறுக்கு சரியாக இருக்கிறதா என்று பார்க்கும்போது வருகிற நடுக்கம். கொர்னேலியஸ் கையை அழுத்தி வைப்பார். ஆஷ்லி லேசாக வைப்பான், தூங்குகிற நாயைத் தொடுவதுபோல.

இது லேசாக இருந்தது.

ஓடிவிடலாம். கதவு அவளுக்குப் பின்னால் நாலு அடியில் இருந்தது. கைப்பிடியை விட்டால் போதும். விட்டால் சக்கரம் பின்னால் சுழலும், டிராலி சரிவில் இறங்கிப் போகும், வந்தது வந்த இடத்துக்கே போய்விடும். உள்ளங்கை வேர்த்து வழுக்கியது. முந்தானையால் ஒரு கையைத் துடைத்து, மாற்றி மறுகையைத் துடைத்து, மறுபடி பிடித்துக்கொண்டாள்.

"ஆஷ்லி."

மழை.

"சாப்ட்டியாடா?"

இதைத்தான் கேட்கத் தோன்றியது. அவள் மெல்ல, ஒரு சுற்று சுற்றினாள். டிராலி ஒரு முழம் வந்தது. இன்னொரு சுற்று. இன்னொரு முழம்.

"நாந்தான் குடுத்தேன்னு அப்பாகிட்ட சொல்லலடா. உன்னைத் திருடன்றாரு. நான் கேட்டுக்கினு சும்மா இருக்கேன்."

சுற்று. முழம்.

முன் சக்கரங்கள் வெளிச்சத்துக்குள் வந்தன. கறுப்பாக, நனைந்து. அங்கே கூரை ஒழுகாது. பிறகு பலகையின் விளிம்பு. பிறகு பலகை முழுதும். காலியாக இருந்தது. ஆனால் நடுவில் வளைந்திருந்தது, ஒரு ஆள் குந்தியிருந்தால் வளைகிற அளவுக்கு. பலகைக்கு இரண்டு அடி மேலே, ஒன்றுமில்லாத இடத்திலிருந்து, தண்ணீர் சொட்டியது. ஒரு சொட்டு. ஒரு சொட்டு. ஏதோ ஒரு விளிம்பில் சேர்ந்து, கனத்து, விடுபடுகிற மாதிரி.

ஏழு கஜம். அவள் மேலே சுற்றவில்லை. சுற்றவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை. எவ்வளவு நேரம் அப்படி நின்றாள் என்று தெரியாது. தோள் மரத்துப்போனது. சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

வெளியே ஆட்டோ நின்றது. மரம் எதன்மேலோ இடிக்கிற சத்தம், பார்த்துப்பா பார்த்து என்கிற குரல், பிறகு ஆட்டோ போகிற சத்தம். கொர்னேலியஸ் தலையில் பிளாஸ்டிக் கவருடன் கதவில் குனிந்து உள்ளே வந்தார். இரண்டு நாளாகச் சவரம் செய்யாத முகம். அவளைப் பார்க்கவில்லை. அவர் எப்போதும் முதலில் கயிற்றைத்தான் பார்ப்பார்.

கயிற்றின் மேல் உள்ளங்கையை வைத்து நீள ஓட்டினார். நின்றார். மறுபடி ஓட்டினார்.

"எத்தினி கல்லு போட்ட?"

"அவன் எடைதான்."

"ம்." கையைக் கயிற்றிலிருந்து எடுக்காமலே, "நல்லா வந்திருக்குது," என்றார். குரல் உடைந்திருந்தது. "இவ்ளோ நல்லா எனக்கே வராது."

அவர் இப்படி ஒரு சொல் சொல்லி எவ்வளவு காலம் ஆயிற்று. லவினா அழுதுவிடுவோமோ என்று பயந்தாள்.

"ஏங்க, நீங்க புடிங்க. நான் போயி அந்த முனைய கட்டிட்டு வந்துடறேன்."

"நீ இன்னாத்துக்கு? நான் கட்டறேன்."

"இல்ல. நான் கட்டணும்."

அவர் மறுக்கவில்லை. அவள் கைகளுக்கு மேல் தன் கைகளை வைத்தார். எட்டு மாதத்தில் முதல் தொடல் அது. அவள் தன் கைகளைக் கீழேயிருந்து உருவிக்கொண்டாள். அவர் கனத்தை உணர்ந்து கால்களை அகட்டி ஊன்றினார். கண் இன்னும் கயிற்றில்தான் இருந்தது, தன் கைக்கு அருகே, புரியும் புரியும் சேருகிற இடத்தில்.

லவினா தண்டவாளத்தின் நடுவே நடந்தாள். ஏழு கஜம். வாசனை கூடியது. குளிர் கணுக்காலில் தொடங்கி ஏறியது. டிராலிக்கு முன்னால் நின்று கையை நீட்டினாள். காற்றில் அவள் விரல் ஈரமான முடியைத் தொட்டது. நெற்றியைத் தொட்டது. காதைத் தொட்டது. சின்னவனாக இருக்கும்போது காதுகுத்தில் ஒரு பக்கம் கொஞ்சம் கிழிந்து ஆறிய தழும்பு. இருந்தது.

அவள் கத்தவில்லை. டிராலியின் மேல் ஏறி, பலகையில், அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். பலகை இன்னும் வளைந்தது. குளிர்ந்த தோள் ஒன்று அவள் தோளில் சாய்ந்தது. அவள் கையைத் தேடி ஒரு கை வந்தது.

அங்கே வெளிச்சத்தில் கொர்னேலியஸ் கைப்பிடியில் கூடுதல் கனம் விழுந்ததை உணர்ந்து தலையை நிமிர்த்தினார்.

அவர் முகத்தை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் கேள்வி. பிறகு அது நின்றுபோனது. அவர் பார்வை அவளிடமிருந்து நகர்ந்து, அவள் பக்கத்தில் போய்த் தங்கியது. அங்கேயே தங்கியது. அவளுக்குத் தெரியாத ஏதோ ஒன்று அவர் கண்ணுக்குத் தெரிந்தது.

"லவினா," என்றார் மிக மெதுவாக. "எழுந்து வா. அதைப் பாக்காத. எழுந்து வா."

"அவன் திருடலீங்க."

"வா லவினா."

"கயிறு நான் குடுத்தது. நான்தான் பாத்து எடுத்துக் குடுத்தேன். அவன் திருடன் இல்ல. கைய விட்டுடாதீங்க."

அவள் பக்கத்தில் கண்டதாலோ, அவள் வாயிலிருந்து கேட்டதாலோ; இரண்டில் எது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அவர் கை விட்டது.

கைப்பிடி சுழன்றது. ஒரு கறுப்பு வட்டமாகச் சுழன்றது. டிராலி பின்னோக்கி நகர்ந்தது, ஓடியது. அவர் எட்டிப் பிடிக்க ஓடிவந்தார், தடுக்கி விழுந்தார். வெள்ளைக் கோடு காலடியில் போனது. கல் குவியல் போனது. முப்பது கஜம். கயிறு அங்கே முடிந்திருக்க வேண்டும். ஐம்பது. மழைச் சத்தம் தலைக்கு மேலிருந்து போய், முன்னால் எங்கோ, தூரத்தில் கேட்டது. நூறு கஜத்தில் சுவர் இருக்கிறது. அவள் கண்ணை மூடி, சுவரில் இடிப்பதற்குக் காத்திருந்தாள்.

இடிக்கவில்லை.

கண்ணைத் திறந்தாள். சுவர் இருக்க வேண்டிய இடம் தாண்டி வெகுநேரம் ஆகியிருந்தது. சக்கரச் சத்தம் இல்லை. தண்டவாளம் இல்லை. முந்தானை முகத்துக்கு நேரே மேலெழுந்து படபடத்தது. தலைமுடி மேலே நின்றது. கொட்டகையின் வெளிச்சம் இப்போது முன்னால் இல்லை, தலைக்கு மேலே இருந்தது. ஷாஃப்டின் வாய்போல, தட்டளவு. பிறகு வளையலளவு. அதன் விளிம்பில் ஒரு தலை, குனிந்து, கீழே பார்த்துக்கொண்டிருந்தது. அது ஏதோ கத்தியது. சத்தம் அவளிடம் வந்து சேரவில்லை.

கீழே தண்ணீரின் வாசனை.

"பயப்படாதடா," என்றாள். "அம்மா இருக்கேன்."

அவள் அவன் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கை, அவசரமே இல்லாமல், அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கத் தொடங்கியது.